மணலில் ஓடும் ஸ்போர்ட் குவாட்: புதிதாக வாங்கியவர்களுக்கான பராமரிப்பு வழிகாட்டி

அமீரகத்தில் ஸ்போர்ட் குவாட், அதாவது பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி, வாங்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எது அண்ணே ரிப்பேர் இல்லாம ஓடும்?" என்பதுதான். ஒரு கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரே வருடத்து யமஹா ரேப்டர் இரண்டை எடுத்துக்கொண்டால், ஒன்று வருடக்கணக்கில் எஞ்சினைத் திறக்காமல் ஓடும். இன்னொன்று ஒரே சீசனில் நீலப் புகை தள்ளும். காரணத்தைத் தேடிப்போனால் பெரும்பாலும் ஏர் ஃபில்டரில்தான் போய் முடியும். அல் பதாயர் மாதிரியான மணல் மேடுகளில் ஓட்டத் தொடங்கியிருக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும், மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் வண்டி எந்த ரகம்?

இங்கே கையில் கிடைக்கும் ஸ்போர்ட் குவாட்களைப் பராமரிப்புக் கணக்கில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் ரகம் யமஹா ரேப்டர் 700. 2006இல் வந்தது. 686 சிசி, ஒற்றை சிலிண்டர், ஒரே கேம் ஷாஃப்ட், நான்கு வால்வ், ரிவர்ஸ் கியரும் உண்டு. எஞ்சின் பெரியது, ஆனால் அதன் அளவுக்கு அதைக் கசக்கிப் பிழியவில்லை. அதனால்தான் தாங்குகிறது. டக்கார் ராலி என்ற நீண்ட தூரப் பந்தயத்தில் 2009இல் குவாட்டுக்குத் தனிப் பிரிவு வந்தது, 2024 வரை நடந்தது. அதில் அர்ஜென்டினாவின் பத்ரோனெல்லி சகோதரர்கள் மட்டும் ஐந்து முறை பட்டம் வென்றார்கள், யமஹாவில்தான். இதை வைத்து "டக்கார் வண்டி, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி விற்பார்கள். அங்கே அநேகமாக ஒவ்வொரு இரவும் மெக்கானிக்குகள் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது ரகம் 450 சிசி வண்டிகள், சுருக்கமாக 450கள். ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஆர், யமஹா ஒய்எஃப்இசட் 450 இரண்டும் 2004 மாடலாக வந்தவை. சுசுகி எல்டி-ஆர் 450, 2006இல். கவாஸாகி கேஎஃப்எக்ஸ் 450ஆர், 2008இல். இவற்றின் எஞ்சின்கள் மோட்டோகிராஸ் பைக் வம்சம். எடை குறைவு, ஆர்பிஎம் அதிகம், பலவற்றில் டைட்டானியம் வால்வ். ஓட்ட அருமையாக இருக்கும். பராமரிப்பில் பந்தய வண்டிக்கு உண்டான பிடிவாதம் எல்லாம் உண்டு. சனிக்கிழமை மட்டும் ஓட்டுகிற, வாரநாளில் வண்டியைத் தொட நேரமில்லாத ஆளுக்கு 450ஐ நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

பான்ஷி என்ற பழைய இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கை ஆசையாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அதன் எஞ்சின் கதை வேறு. ஆனால் ஃபில்டர், செயின், ஆக்ஸில் பற்றிச் சொல்வதெல்லாம் அதற்கும் பொருந்தும்.

எந்த ரகமானாலும் வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரு அவர் மீட்டர் மாட்டுவது. ஸ்பார்க் பிளக் ஒயரில் ஒரு கம்பியைச் சுற்றினால் போதும், எஞ்சின் ஓடுகிற நேரத்தை அது எண்ணும். விலை மிகக் குறைவு. மணலில் கிலோமீட்டர் கணக்கு உதவாது. சக்கரம் சுழன்றுகொண்டே நிற்கிற இடத்தில் எஞ்சின் மட்டும் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கும். ஆயில், வால்வ், செயின் எல்லாவற்றுக்கும் மணிக்கணக்குதான். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலையும் தேடி வைத்துக்கொள்ளுங்கள். கீழே நான் எண் சொல்லாத இடங்களில் எல்லாம் மேனுவல் சொல்வதே முடிவு.

ஏர் ஃபில்டர்: ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும்

கண்ணுக்குத் தெரிகிற மணல் துகளை விட, பவுடர் மாதிரி மிதக்கிற தூசிதான் எஞ்சினைத் தின்கிறது. அது ஃபில்டரைத் தாண்டினால் வால்வ் சீட்டைத் தேய்க்கும், பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் கீறும், ஆயிலில் கலந்து பேரிங் வரைக்கும் போகும். நண்பர்களோடு வரிசையாக ஓட்டும்போது பின்னால் வருகிற வண்டி முழுக்க முழுக்க இந்தத் தூசியைத்தான் குடிக்கிறது. ஒருநாள் முழுக்க அப்படி ஓட்டினால், இடையில் ஒருமுறை ஃபில்டரை மாற்றுவதுகூட அதிகமில்லை.

ஸ்போர்ட் குவாட்டில் இருப்பது ஃபோம் ஃபில்டர். தூசியைப் பிடிப்பது ஃபோம் மட்டுமில்லை, அதில் தடவியிருக்கும் பிசுபிசுப்பான ஆயிலும்தான். ஆயில் இல்லாத ஃபோம் வெறும் சல்லடை.

1. சீட்டைக் கழற்றும் முன், ஃபில்டர் இருக்கும் பெட்டியான ஏர் பாக்ஸைச் சுற்றி இருக்கிற மணலை பிரஷ்ஷால் தட்டி, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். மூடியைத் திறக்கும்போது ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தாலும், செய்கிற வேலைக்கு அர்த்தமில்லை.

2. ஃபில்டரை அதன் கூண்டோடு வெளியே எடுங்கள். எடுத்த கையோடு எஞ்சினுக்குப் போகும் குழாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டு உள்சுவரை ஒரு சுற்று துடைத்துப் பாருங்கள். துணியில் லேசான எண்ணெய்க் கறை வந்தால் பரவாயில்லை. பழுப்பு நிறம் ஒட்டிக்கொண்டு, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்று இருந்தால், ஃபில்டரைத் தாண்டித் தூசி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஃபோம் கிழிந்திருக்கலாம், விளிம்பு சரியாக உட்காராமல் இருக்கலாம், குழாயை இறுக்கும் கிளாம்ப் தளர்ந்திருக்கலாம். எது என்று கண்டுபிடிக்காமல் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

3. குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, ஏர் பாக்ஸைத் துடையுங்கள். அடியில் ஒரு வடிகுழாய் இருக்கும். அதையும் பிதுக்கிப் பாருங்கள்.

4. ஃபோமை அதற்கென்று விற்கும் கிளீனரிலோ மண்ணெண்ணெயிலோ முதலில் அலசுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஃபோமின் ஒட்டுப் பசையைக் கரைக்கும், தீ ஆபத்தும் உண்டு. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். அழுத்திப் பிழியலாம், முறுக்கக் கூடாது. காற்றடிக்கும் துப்பாக்கியும் வேண்டாம்.

5. நிழலில் முழுவதும் காய வேண்டும். ஈரம் இருக்கிற இடத்தில் ஆயில் ஏறாது.

6. ஒரு பிளாஸ்டிக் பைக்குள் ஃபில்டரைப் போட்டு, ஃபோம் ஃபில்டர் ஆயிலை ஊற்றி, பைக்கு வெளியிலிருந்தே பிசையுங்கள். நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆனதும், மிச்ச ஆயிலை அழுத்தி எடுத்துவிடுங்கள். சொட்டக் கூடாது. ஏர் பாக்ஸில் உட்காரும் விளிம்பில் மட்டும் சுற்றிலும் கிரீஸ் தடவுங்கள்.

இதைச் சலிப்பில்லாமல் செய்ய ஒரே வழி, மூன்று நான்கு ஃபில்டர் வாங்கி, ஆயில் ஏற்றி, ஜிப் பையில் போட்டு வைத்துக்கொள்வதுதான். அழுக்கானதைக் கழற்றி, தயாராக இருப்பதை மாட்டிவிட்டு, கழுவுவதை வாரநாளில் செய்யலாம். ஃபில்டருக்கு மேலே போடும் துணி உறையும் நல்ல விஷயம். மணலில் பாதி அங்கேயே நின்றுவிடும். "பவர் கூடும்" என்று சொல்லித் தருகிற பருத்தி வலை ஃபில்டரை மணலுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவதும் அப்படித்தான்.

ஆயில்

மோட்டார்சைக்கிள் ஆயில்தான் ஊற்ற வேண்டும். டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்துகொண்டிருக்கிறது. வழுக்கலுக்கான சேர்மானம் உள்ள கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் சறுக்கும். ஹோண்டா 450ஆரில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துபோகிறவர்கள் நிறைய.

ரேப்டரில் புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம், ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக். இது டிரை சம்ப் அமைப்பு; ஆயில் ஒரு தனி டேங்கில் இருக்கிறது. வண்டி சில நாள் நின்றால் டேங்கில் உள்ள ஆயில் மெல்லக் கீழே எஞ்சினுக்குள் இறங்கிவிடும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயிலே இல்லாத மாதிரி தெரியும். பதறிப்போய் அரை லிட்டர் ஊற்றுவார்கள். எஞ்சின் ஓடியதும் கூடுதல் ஆயில் பிரீதர் குழாய் வழியாக ஏர் பாக்ஸுக்குள் வந்து, கழுவி வைத்த ஃபில்டரை நனைத்துவிடும். எஞ்சினைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, சற்றுப் பொறுத்துப் பார்ப்பதுதான் முறை.

மாற்றும்போது வடிக்கும் போல்ட் இரண்டு: ஒன்று எஞ்சின் அடியில், மற்றொன்று ஆயில் டேங்கில். இரண்டுக்கும் புது வாஷர் போடுங்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். எஞ்சின் உடம்பு அலுமினியம். "இன்னும் கொஞ்சம்" என்று ஒரு இழுப்பு இழுத்தால் மரை போய்விடும், அப்புறம் செலவு வேறு கணக்கு. புது ஆயில் ஊற்றியதும் சிலிண்டர் ஹெட்டில் உள்ள ஆயில் செக் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி, எஞ்சினை ஐடிலில் விடுங்கள். அங்கே ஆயில் கசிந்து வந்தால், மேலே வரைக்கும் போகிறது என்று அர்த்தம். ஒரு நிமிடத்தில் வரவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள்.

எத்தனை மணிக்கு ஒருமுறை? மணலில் கடுமையாக ஓட்டுகிற 450க்கு 5 முதல் 10 மணி, ரேப்டருக்கு 20 மணி என்பது என் கணக்கு. வடித்த ஆயிலை வெயிலில் வைத்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளிப் பளபளப்பு சகஜம். நகத்தில் மாட்டுகிற உலோகச் செதில் வந்தால் வண்டியை ஓரங்கட்டுங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீரோ கூலன்டோ உள்ளே போயிருக்கிறது.

வால்வ்: சத்தம் போடாதவனிடம் கவனம்

வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள டேப்பெட் இடைவெளி கூடினால் டக்டக் என்று சத்தம் வரும், எல்லோருக்கும் தெரியும். இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. ஆனால் வால்வ் முழுதாக மூடாமல், சூடு கடத்த முடியாமல் கருகும். மணல் வண்டியில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

ரேப்டரில் இந்த இடைவெளியைத் திருகிச் சரிசெய்யும் ஸ்க்ரூ டேப்பெட். முழுதாகக் குளிர்ந்த எஞ்சினில், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்கும்போது, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் பாருங்கள்: இன்டேக் 0.09 முதல் 0.13 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.16 முதல் 0.20. பழகிவிட்டால் ஒரு மாலை நேர வேலை.

450களில் ஷிம் என்ற சிறு உலோகத் துண்டை வைத்துச் சரிசெய்ய வேண்டும். கேம் ஷாஃப்டைக் கழற்றி, டைமிங் தவறாமல் திரும்பப் பூட்ட வேண்டும். முதல் இரண்டு முறை தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியம் வால்வின் மேல் ஒரு மெல்லிய கடினப் பூச்சு உண்டு. தூசி அதைத் தேய்த்துவிட்டால், உள்ளே இருக்கிற மிருதுவான உலோகம் வேகமாகத் தேய்ந்து, வால்வ் சீட்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும். ஸ்டார்ட் ஆக வழக்கத்தை விட நேரம் எடுப்பதுதான் அதன் முதல் அறிகுறி. ஒருமுறை ஷிம் மாற்றியதும் சரியாகிவிட்டால் நல்லது. சில மணி நேர ஓட்டத்திலேயே மறுபடி இறுகினால் ஷிம்மில் காசு போடாதீர்கள்; வால்வை மாற்றி, சீட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். தாமதித்து வால்வ் தலை உடைந்து பிஸ்டன் மேல் விழுந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்ப்ரஷன் கேஜ் வைத்து எண்ணைக் காட்டி, "பாரு, நல்லா இருக்கு" என்பார்கள், அல்லது குறைவாக இருக்கிறதென்று விலையைக் குறைப்பார்கள். இந்த எஞ்சின்களில் எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக கேம் ஷாஃப்டில் அழுத்தத்தைச் சற்று வெளியேற்றும் தானியங்கி டிகம்ப்ரஷன் இருப்பதால், அந்த எண் இயல்பாகவே குறைவாக வரும். காற்றை உள்ளே செலுத்தி எவ்வளவு, எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனைதான் நம்பத் தகுந்தது. இன்டேக் பக்கம் உஸ்ஸென்று கேட்டால் இன்டேக் வால்வ், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங்.

சூடு

மேடு ஏறும்போது எஞ்சின் முழு வேகத்தில் சுழலும், வண்டி மெல்லத்தான் நகரும். ரேடியேட்டருக்குக் காற்று போதாது. ரேடியேட்டர் இடுக்குகளில் மணலும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம். பின்பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஃபேன் கையால் சுற்றினால் லேசாகச் சுழல வேண்டும், எஞ்சின் சூடானதும் தானாக ஓட வேண்டும். வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சிறு துளை உண்டு. அங்கிருந்து கூலன்ட் சொட்டினால் சீல் போகத் தொடங்கிவிட்டது. அந்தத் துளையை அடைத்துவிடாதீர்கள், அது எச்சரிக்கை மணி.

சைலன்சர் மாற்றியவர்கள், அதற்கேற்ப எரிபொருள் அளவையும் சரிசெய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும்.

செயினும் பின் ஆக்ஸிலும்

இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல், கார் மாதிரி இதில் இல்லை. பின் ஆக்ஸில் ஒரே தண்டு, இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுழலும். அதனால் இரண்டு டயரிலும் காற்று ஒரே அளவு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மொத்தமே நான்கைந்து பி.எஸ்.ஐ. அளவுதான் காற்று, பெட்ரோல் பங்க் கேஜில் அந்த எண்ணைப் பார்க்கவே முடியாது. குறைந்த அழுத்தத்துக்கான கேஜ் ஒன்று வாங்குங்கள்.

செயின் தொய்வை, வண்டியில் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதும் பாருங்கள். ஆள் ஏறியதும் பின் ஆக்ஸிலைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மடங்கி செயின் இறுகும். வெறும் வண்டியில் "டைட்டாக, அழகாக" வைத்தால் மேட்டிலிருந்து குதித்து இறங்கும்போது கியர் பாக்ஸ் பேரிங்கை அது பிடித்து இழுக்கும். சரிசெய்ய சில மாடல்களில் பேரிங் உட்காரும் கூட்டையே சுழற்ற வேண்டும், சிலவற்றில் பின்னால் தள்ளும் போல்ட்கள்; எதுவானாலும் பிடிப்பு போல்ட்களைத் திரும்ப இறுக்க மறக்காதீர்கள். பசை போல ஒட்டும் செயின் ஸ்ப்ரே மணலுக்கு ஆகாது. மணலைச் சேர்த்து உப்புத்தாள் ஆகிவிடும். காய்ந்து நிற்கும் மெழுகு வகை போடுங்கள். பின் ஸ்பிராக்கெட்டில் செயினை விரலால் பின்னுக்கு இழுத்தால் பல் பாதி தெரிகிறதா? செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் செட்டாகவே மாற்றுங்கள்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகாமல் ஸ்டாண்ட் வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்வு தெரிந்தால், பேரிங் போகிறது. மெல்லச் சுழற்றிப் பார்த்து ரிம் பாம்பு மாதிரி நெளிந்தால் ரிம்மோ ஆக்ஸிலோ வளைந்திருக்கிறது. ஆக்ஸிலின் பெரிய நட்டுகள் தளர்வது ஸ்போர்ட் குவாட்களின் பழைய வியாதி. மேனுவல் சொல்லும் அளவு இறுக்கமும், சொல்லியிருந்தால் மரையில் தடவும் திரெட்லாக் பசையும் தேவை. இறுக்கிய பின் நட்டிலும் ஆக்ஸிலிலும் சேர்த்து பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்னும் அந்தக் கோடு ஒரே நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும்.

துடுப்பு மாதிரி பட்டைகள் உள்ள துடுப்பு டயர் மாட்டினால் மணலில் பிடிப்பு பிரமாதமாக இருக்கும். அந்தப் பிடிப்பின் அதிர்ச்சி முழுவதும் செயின், ஆக்ஸில், கிளட்ச் மேல்தான் இறங்கும். சோதனை இடைவெளியைப் பாதியாக்குங்கள்.

முன்பக்கம்

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் வரும் ஆட்டம் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடம் வலமாக ஆட்டினால் வருவது பெரும்பாலும் டை ராட் முனை. ஒருவர் ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்த்தால் எது என்று பிடிபட்டுவிடும். பின் சஸ்பென்ஷன் லிங்கேஜ் பேரிங்குகளை வருடத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் வையுங்கள். கழுவும்போது இந்த மூட்டுகள் மேல் பிரஷர் வாஷரைக் காட்டாதீர்கள். சீலைத் தாண்டித் தண்ணீரும் மணலும் சேர்ந்தே உள்ளே போகும்.

பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பின் டிஸ்க் ஆக்ஸிலில் தாழ்வாக இருப்பதால் கல்லில் அடிபட்டு வளையும், அதையும் பாருங்கள். கையில் கட்டும் கில் சுவிட்ச் கயிறை இழுத்தால் எஞ்சின் நிற்கிறதா என்பதையும், உயரமான கொடிக்கம்பு உறுதியாக இருக்கிறதா என்பதையும் இதே சுற்றில் முடித்துக்கொள்ளலாம்.

கோடையில் நிறுத்தி வைக்க

ஜூன் வந்தால் யாரும் ஓட்டுவதில்லை. கடைசி ஓட்டத்தின் அழுக்கு ஆயிலோடு நான்கு மாதம் நிறுத்தாதீர்கள். புது ஆயில் மாற்றி, சில நிமிடம் ஓட்டி, பிறகு நிறுத்துங்கள். கார்புரேட்டர் வண்டியில் கிண்ணத்திலுள்ள பெட்ரோலை வடித்துவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் டேங்கை நிரப்பி, ஸ்டெபிலைசர் கலந்து, அது பம்ப் வரைக்கும் போகச் சற்று ஓட்டுங்கள். பேட்டரியைக் கழற்றி ஏசி உள்ள அறையில் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். வெயிலில் கொதிக்கும் கன்டெய்னருக்குள் விட்டால் அக்டோபரில் புது பேட்டரிதான். சைலன்சர் வாயையும் ஏர் பாக்ஸ் திறப்பையும் துணியால் அடைத்து, துணியின் ஒரு முனை வெளியே தொங்குகிற மாதிரி விடுங்கள், எடுக்க மறக்காமல் இருக்க.

சீசன் தொடங்கும்போது துணிகளை எடுத்து, ஏர் பாக்ஸில் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பார்த்து, புது ஃபில்டர் மாட்டி, ஹெட்டில் ஆயில் வருவதை ஒருமுறை சோதியுங்கள். முதல் நாள் சமதளத்தில் கொஞ்ச நேரம் ஓட்டித் திரும்பி வந்து, சக்கர நட்டு, ஆக்ஸில் நட்டு, ஸ்பிராக்கெட் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு மேடு ஏறுங்கள்.